பட்டறை மண்ணில் ஏன் சூதாட்டம்?

கொழும்பு செட்டியார் தெருப் பக்கம் நகைப் பட்டறைகளில் கூட்டும் மண்ணை, கண்மதிப்பில் மூடையாக விலைபேசி வாங்குவோர் உண்டு. உள்ளே எவ்வளவு தங்கம் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மார்க்கம் தடுக்கும் ‘கரர்’ இதுவல்லாமல் வேறென்ன?

மோட்டாரில் சுழலும் அரிதட்டு இதற்கு வழி செய்கிறது. சாய்ந்து சுற்றும் தட்டில் நீர் தெளிக்க, மண் கீழ் விளிம்பால் வழியும். மணலைவிடச் சுமார் ஏழு மடங்கு கனமான தங்கமோ சுருள் வரியில் ஏறி நடுத்துளையில் விழும். (முதலில் குப்பையை எரித்து, இரும்புத்தூளைக் காந்தத்தால் எடுத்துவிட வேண்டும்.) மாவுபோன்ற தூள் கொஞ்சம் நழுவத்தான் செய்யும்.

இருக்கட்டும். இருவர் முன்னிலையிலும் அரித்து, உரைத்து, நிறுத்து, தங்கமாகவே விற்கலாமே! தனியாக வாங்க வசதியில்லாத பட்டறைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கட்டும்.