ஆமை மூச்சு வாங்கட்டும்

கடலாமைக்குச் செவுள் கிடையாது. எவ்வளவு ஆழத்தில் மேய்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். ஸ்நார்கெலிங் போகிறவர்களும் விசைப்படகு ஓட்டுகிறவர்களும் இதை மனதில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இலங்கையின் ஹிக்கடுவையில் கரையோரப் பவளப்பாறைப் பகுதி 2002 முதல் தேசியப் பூங்கா. இடுப்பளவு தண்ணீரிலேயே பேராமைகள் வருகின்றன. முகமூடி மாட்டிக்கொண்டு அசையாமல் மிதந்தால் ஓட்டில் படிந்த பாசிகூடத் தெரியும். முன்துடுப்பை ஒரு தடவை மெல்ல அடித்து மேலேறி, தலையை மட்டும் நீட்டி, புஸ்ஸென்று காற்றை விட்டு உடனே இழுத்துக்கொள்ளும். சரியாக அந்த நேரத்தில்தான் கடற்பாசியை நீட்டுகிறார்கள், ஓட்டைத் தடவுகிறார்கள், செல்ஃபிக்காகத் துடுப்பைப் பிடிக்கிறார்கள். மூச்சு வாங்க வந்த ஆமை பாதியில் முங்கிப் போவதைப் பார்த்து வயிறு எரிந்தது. படம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். தலைக்கு மேலே மிதக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், திசை மாறிப் போனால் துரத்தாதீர்கள்.

பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலை ஒட்டிப் போகும் எங்கள் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அதைத் தாண்டியுள்ள கடல் கலங்கலானது. ஹிக்கடுவைபோல் மிதந்து பார்க்க முடியாது. தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளை மணலில்தான் பார்க்கிறோம், பல நேரம் பிணமாக. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடக்கும். வலையில் சிக்கி மூச்சுத் திணறியதன் அடையாளம் அது. ஓய்வாக இருக்கும் ஆமை மணிக்கணக்கில் மூச்சடக்கும். இழுவை மடிக்குள் திமிறும் ஆமையால் அது முடியாது.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆனால் சட்டம் புதிதல்ல. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக் கூடாது. அந்த எல்லையைக் காத்தால் ஃபைபர் படகுக்காரர்களுக்கும் மீன் மிஞ்சும்.

இழுவை வலைக்கு ஆமை விலக்குச் சாதனமும் இருக்கிறது. மடிக்கு முன்னால் சாய்வாக வைக்கும் கம்பிச் சட்டம், அதையொட்டி ஒரு திறப்பு, அவ்வளவுதான். இறால் கம்பிகளுக்கு இடையே உள்ளே போய்விடும், ஆமை சட்டத்தில் மோதித் திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற வடிவத்தை எப்போதோ உருவாக்கிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வெல்டருக்கு இது பெரிய வேலையே இல்லை. திறப்பு வழியே கொஞ்சம் மீனும் போய்விடும் என்கிறார்கள் படகுக்காரர்கள். நியாயமான கவலைதான். அந்த நஷ்டத்தில் பங்கெடுக்க வேண்டியது அரசு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் பழுதுபார்ப்புக்குக் கரையேறி நிற்கும், வலைகள் விரித்துக் கிடக்கும். மீன்வளத் துறை அந்த 61 நாளுக்குள் இலவசமாக அந்தச் சாதனத்தைப் பொருத்தி, பொருத்திய படகுக்கு மட்டும் ஜூன் 15 அன்று கடலுக்குப் போக அனுமதி தரட்டும்.