லயன் கூரையை வெட்டிவிட்டு எடுக்கும் படங்கள்



மாசி வெயில், வைகாசி மழை, மார்கழிப் பனி என்று பருவம் பார்த்து நமது புளத்கொகுபிட்டிய மலைகளைப் படமெடுக்க வருகிறார்கள். வரட்டும். ஆனால் தேயிலையும் மூடுபனியும் மட்டும் தெரிய, லயன் கூரைகளை வெட்டிவிடுகிறார்களே, அது ஏன் என்றுதான் கேட்கிறோம். 2016 மே மாத மழையில் களுபஹன தோட்டத்தில் சரிந்ததும் இப்படியொரு பச்சை மலைதான். மண்ணுக்குள் போனவர்கள் லயன் மக்கள்.

நம் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது. லைக்குக்காக மட்டும் எடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்று, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதே சரிவை எடுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் தண்ணீர் தெரிந்தால் படங்களைக் கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். கொட்டும் மழையில் படத்துக்காக நிற்காதீர்கள்; முதலில் வெளியேறுங்கள்.

முந்திய படமும் பிந்திய படமும் கையில் இருந்தால், "ஒன்றுமில்லை, போங்கள்" என்று நம்மை இலேசில் திருப்பி அனுப்ப முடியாது.