காணொளிக் கல்யாணமும் கையில் வந்த சான்றிதழும்

மணமகன் ஒரு நாட்டிலும் மணமகள் வேறொரு நாட்டிலும் இருந்தபடி காணொளி வழியே நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும் என்ற எண்ணம் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பரவலாகிவிட்டது. வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கும் குடும்பங்களில் இதற்கு ஆதாரமாக இரண்டைச் சொல்வார்கள். ஒன்று, 'மதுரை ஹைகோர்ட்டே அனுமதி தந்துவிட்டது' என்பது. மற்றது, பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் உலகத்தில் எங்கும் மறுபேச்சு இருக்காது என்பது. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதில் அந்தப் பாதிகூட இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஜூலையில் பிறப்பித்த ஆணை 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழானது. அந்த வழக்கில் முறைப்படி அறிவிப்புக் கொடுக்கப்பட்டு, 30 நாள் காத்திருப்பும் முடிந்திருந்தது. அதன் பிறகு மணமகன் அமெரிக்கா திரும்ப நேர்ந்ததால், மூன்று சாட்சிகளை வைத்துக் காணொளியில் திருமணத்தை முடித்துவைக்கும்படி நீதிமன்றம் பதிவு அலுவலருக்கு உத்தரவிட்டது. மணமகன் அளித்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு அவர் சார்பிலும் மணமகளே கையெழுத்திடலாம் என்றது. தம்பதியர் விரும்பிய எந்த வடிவிலும் திருமணத்தை நடத்தலாம் என்ற 12-ஆம் பிரிவின் வாசகமே இதற்கு அடிப்படை. மனிதாபிமானமான ஆணைதான். ஆனால் அதே பிரிவு, திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இருக்க, ஒருவர் மற்றவரிடம் உறுதிமொழி சொன்னால்தான் திருமணம் முழுமை பெறும் என்றும் சொல்கிறது. 'முன்னிலை' என்பதில் திரையும் அடங்கும் என்று நாடாளுமன்றம் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒரு வழக்கில் கிடைத்த ஆணையை எல்லாருக்குமான சட்டமாக எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு தொடங்குகிறது.

அந்த ஆணை இந்து திருமணச் சட்டத்தைத் தொடவே இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்யாணங்கள் நடப்பதோ அந்தச் சட்டத்தின் கீழ். அதன் 7-ஆம் பிரிவு மணமக்களில் ஒருவர் தரப்பின் வழக்கப்படியாவது சடங்கு நடந்திருக்க வேண்டும் என்கிறது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக அண்ணா ஆட்சியில் சேர்த்த 7-அ பிரிவு புரோகிதரையும் அக்கினியையும் கைவிட்டது, மணமக்களைக் கைவிடவில்லை. அதன்படி மாலையிடுவதும் மோதிரம் அணிவிப்பதும் ஒருவர் மற்றவருக்குச் செய்ய வேண்டியவை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கத்துக் கழுத்தில் மாலை போட முடியாது. மாப்பிள்ளைக்குப் பதிலாக அவருடைய அக்காளே தாலி கட்டிவிடலாமே என்று யாரேனும் கேட்கலாம். இரண்டாவது, மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது வழக்கம்தான். முதல் முடிச்சை மாப்பிள்ளைக்காக வேறொருவர் போடும் வழக்கம் இருந்ததாக நிரூபிப்பது எளிதல்ல.

'எல்லாம் சரி, பதிவுதான் ஆகிவிட்டதே' என்பது அடுத்த வாதம். திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2006-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, பதிவு திருமணத்துக்கு வலுவான சான்றாகுமே தவிர அதைச் செல்லுபடியாக்கிவிடாது என்றது. 2024 ஏப்ரலில் அது இன்னும் கடுமையாகப் பேசியது. விமானிகளாகப் பயிற்சி பெற்ற இருவர் சடங்கு எதுவும் நடக்காமலே ஒரு அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதை வைத்து அரசுப் பதிவும் பெற்றிருந்தனர். அது திருமணமே அல்ல என்று நீதிமன்றம் அறிவித்தது. விசாவுக்காக முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் பின்னால் கல்யாணம் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. அடுத்தவர் நிலத்துக்குப் பத்திரம் பதிந்துகொண்டால் நிலம் தன்னுடையதாகிவிடாது, இதுவும் அப்படித்தான். 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அமெரிக்காவில் வாழும் தம்பதிக்குக் காணொளியில் ஆஜராகிப் பதிவு செய்ய அனுமதித்ததையும் இங்கே இழுப்பார்கள். அவர்கள் 20 ஆண்டுகளுக்கு முன்பே நேரில் மணந்துகொண்டவர்கள். நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவதும், திருமணத்தையே திரையில் நடத்துவதும் வேறு வேறு.

காணொளிக் கல்யாணத்தை நாடுவோரில் பலருக்கு வேண்டியது விசா. வேடிக்கை என்னவென்றால், இந்த நம்பிக்கை முதலில் உடைவதே அந்த இடத்தில்தான். திருமண நேரத்தில் மணமக்கள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லாவிட்டால், குடியேற்ற விஷயங்களில் அவர்களைக் கணவன் மனைவியாக அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பதில்லை. அந்தத் திருமணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து தாம்பத்தியம் நடத்தியிருந்தால் மட்டுமே விலக்கு. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும் அது கணக்கில் வராது. கனடா இன்னும் கறாரானது. தொலைபேசி, இணையம், பதிலாள் வழியே நடந்த திருமணங்களை வைத்து வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்ள 2015 ஜூன் முதல் தடை இருக்கிறது. பணியின் காரணமாக வர முடியாத ராணுவத்தினருக்கு மட்டும் சலுகை. யாழ்ப்பாணத்தில் பெண்ணும் டொராண்டோவில் பிள்ளையுமாக இருக்கும் குடும்பங்கள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது.

ஜெர்மனியிலும் நிலைமை வேறல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு கவுண்டி, உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் இணையத்தில் திருமணம் செய்துவைக்கிறது. ஜெர்மனியில் இருந்தபடி அப்படி மணந்துகொண்ட இருவரின் வழக்கில், சம்மதம் சொன்ன இடம் ஜெர்மனி என்பதால் திருமணம் நடந்த இடமும் ஜெர்மனியே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-இல் முடிவு செய்தது. ஜெர்மன் பதிவாளர் முன் இருவரும் வரவில்லை. ஆகவே திருமணமும் இல்லை. ஆனால் இஸ்ரேலில் யூட்டாத் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-இல் தீர்ப்பாயிற்று. அங்கும் பதிவாளரின் வேலை காட்டிய ஆவணத்தைக் குறித்துக்கொள்வதுதான். திருமணம் செல்லுமா என்று தீர்மானிப்பது அவர் வேலையல்ல என்பது 1963 முதல் அங்குள்ள நெறி.

நீதிமன்றங்கள் சாட்சியத்தையே காணொளியில் ஏற்கும்போது திருமணத்தை ஏன் ஏற்கக் கூடாது என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் சாட்சி சொன்னதைக் குறுக்கு விசாரணையில் சோதிக்கலாம். தவறினால் மேல்முறையீடு உண்டு. திருமணமோ அந்த நிமிடத்திலேயே வாரிசுரிமையையும் ஜீவனாம்சத்தையும் உண்டாக்கிவிடுகிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரு பெண்ணை மிரட்டுபவரைப் பதிவாளர் திரையில் பார்க்க முடியாது. இதற்கெல்லாம் பாதுகாப்பு ஏற்படுத்திக் காணொளித் திருமணத்தை அனுமதிக்கலாம். அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். உயர் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு வழிவிடுவதால் அந்தக் கடமை தள்ளிப்போகிறது.

அதுவரை நேரான வழிகளே உள்ளன. பிள்ளை விடுமுறையில் வரும்போது இருவரும் ஒரே அறையில், மூன்று சாட்சிகளோடு பதிவு அலுவலர் முன் நிற்கலாம். பெண் அங்கே போக முடிந்தால், 1969-ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கும் நிலையில், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து அவர் முன் மணந்துகொள்ளலாம். இரண்டுக்கும் இருவரும் நேரில் வந்தாக வேண்டும்.