சாவி கொடுத்தால் போதுமா?

பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டது. கார் ஓட்டப் பழக வேண்டும் என்று ஆசை. பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

2019-ம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 18 வயது ஆகாத பிள்ளை லைசென்சு இல்லாமல் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

18 வயதானதும் எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு பழகலாம். ஆனால், தனியாக ஓட்டக்கூடாது. லைசென்சு உள்ள ஒருவர், ஆபத்து என்றால் வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் சிவப்பு நிறத்தில் "எல்" எழுத்து இருக்க வேண்டும்.

30 நாள் கழித்து ஓட்டிக் காட்டலாம். அதற்குள் அப்பாவிடமோ அம்மாவிடமோ எத்தனை மணி நேரம் பழகினார் என்று யாரும் கேட்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதைக் கேட்கிறார்கள். கார் பழகும் 25 வயதுக்கு உட்பட்டவர்கள் 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில் ஓட்டியதாக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை நம் வீட்டிலும் எழுதி வைக்கலாம். ஒரு நோட்டு போதும். முதலில் காலி மைதானம். பிறகு சந்தடி இல்லாத தெரு. நன்றாகப் பழகிய பின் இருட்டும் மழையும். திருப்பம் வந்த பிறகு "திரும்பு, திரும்பு" என்று கத்தினால் பிள்ளை பதறும். முன்கூட்டியே அமைதியாகச் சொல்ல வேண்டும்.

சாவி கொடுக்க ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் உட்காரத்தான் பொறுமை வேண்டும்.