வாப்பாவின் கசெட்டும் என் இயர்போனும்

"எந்த நேரமும் இந்தச் சோகப் பாட்டுத்தானா மகள்? இந்த வயசில உனக்கு என்ன கவலை?"

போன வருடம் எங்கள் வீட்டில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் என் வாப்பா. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் தோழியரில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். வாசிக்கும் பெற்றோரில் சிலர் இதைக் கேட்டவர்களாகவும் இருப்பீர்கள்.

எனக்குக் கவலை இருந்தது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு என் நெருங்கிய தோழி படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். நானுஓயா ரயில் நிலையத்தில் அவளை வழியனுப்பிவிட்டு வந்து வழமை போலத் தேநீர் குடித்தேன், படித்தேன், தூங்கினேன். என்ன ஆயிற்று என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தபோது 'அமெரிக்கன் புட்போல்' என்ற இசைக்குழு கிடைத்தது. 'இமோ' என்று ஓர் இசை வகை உண்டு. 1980களின் நடுப்பகுதியில் வாஷிங்டன் நகர இளைஞர்கள் தொடங்கியது அது. மனதில் உள்ளதை மறைக்காமல் பாடுவதே அதன் குணம். அமெரிக்கன் புட்போல் குழுவினர் இலினோய் மாநிலத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர். 1999இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். படிப்பு முடிந்தது, குழுவும் கலைந்தது. அப்போது அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர் சொல்லி ஒருவராகக் கேட்டுக் கேட்டு, அந்த ஒரே தொகுப்பு உலகெங்கும் பரவியது. 2014இல் மூவரும் மீண்டும் மேடை ஏறினார்கள். இரண்டாவது தொகுப்பு வந்தது 2016இல். முதல் தொகுப்பு வந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் கல்லூரி நாட்கள் முடிந்து நண்பர்கள் பிரிவதைப் பற்றிய அந்தப் பாட்டுகள் எனக்காகவே செய்தவை போல இருந்தன.

ஒரு நாள் மாலை மின்சாரம் இல்லை. வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இயர்போனின் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்தார்.

"இதுல ஆளையே காணோமே, கிட்டார்தானே போகுது?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க வாப்பா, பாடுவாங்க" என்றேன். பாட்டு எதைப் பற்றியது என்றும் சொன்னேன். சொல்லும்போது தோழியின் பெயரும் வந்துவிட்டது.

வாப்பா எழுந்து போய் அலுமாரிக்கு மேலிருந்த சப்பாத்துப் பெட்டியை இறக்கினார். அதற்குள் ஒரு பழைய கசெட். அதன் மேல் அவருடைய கையெழுத்தில் 'பரமேஸ் – கோணேஸ்' என்றிருந்தது.

திருகோணமலையைச் சேர்ந்த எம்.பி. பரமேஸ், எம்.பி. கோணேஸ் சகோதரர்களின் குழு அது. எழுபதுகளில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் துள்ளலான பொப் பாட்டுகளால் நாட்டையே ஆட வைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் பிரிவையும் ஏக்கத்தையும் மெதுவாகப் பாடினார்கள். இவர்களின் 'உனக்குத் தெரியுமா', இலங்கைத் தமிழ் மெல்லிசையில் ஆரம்பத்தில் வெளிவந்த கிராமபோன் இசைத்தட்டுகளில் ஒன்று. பிறகு போர் வந்தது. பாடியவர்களும் கேட்டவர்களும் நாடு நாடாகச் சிதறினார்கள். பரமேஸும் ஜேர்மனிக்குப் போனார்.

கசெட்டைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. கைத்தொலைபேசியில் தேடினேன், இருந்தது. வாப்பா முழுப் பாட்டையும் கேட்டார். கேட்டு முடித்துத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 தோட்ட மக்கள் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. பல வருடங்களாகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தது. வாப்பாவோடு படித்த சிநேகிதன் ஒருவனும் 1983இல் குடும்பத்தோடு போய்விட்டானாம். வழியனுப்பியது இதே நானுஓயா ரயில் நிலையத்தில். பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்த வருடம் முழுவதும் வாப்பா கேட்ட பாட்டு இது.

"அப்ப உங்க வாப்பா ஏசல்லயா?" என்று கேட்டேன்.

"ஏசினாங்க. 'ஒனக்கு என்ன கவலை'ன்னுதான் கேட்டாங்க" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டோம்.

சோகப் பாட்டுப் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அறைக்குள் தனியே இருந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டபோது என் படிப்பு பின்தங்கியது உண்மை. ஆனால் அந்தக் கவலையைத் தந்தது பாட்டு இல்லை. பாட்டு வருமுன்பே அது எனக்குள் இருந்தது. சொல்ல வழி தெரியாமல் இருந்த எனக்குப் பாட்டுத்தான் வழி காட்டியது. இயர்போனைப் பறித்திருந்தால் பாட்டு நின்றிருக்கும், கவலை நின்றிருக்காது. வாப்பா ஒரு பக்கத்தை வாங்கிக் கேட்டதால்தான் எனக்குப் பேச வாய் வந்தது.

இசையே வேண்டாம் என்றிருக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த வீடுகளிலும் பிள்ளை ஒரு நாள் சத்தமில்லாமல் இருப்பாள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மகள்?" என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பெற்றோருக்கு நம் மனம் விளங்காது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். அவர்களுக்கும் பதினைந்து வயது இருந்தது, ரயிலில் போய்விட்ட சிநேகிதர்கள் இருந்தார்கள். அந்தக் கசெட் நான் பிறக்குமுன்பே எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அன்று இரவே 'உனக்குத் தெரியுமா' பாட்டைத் தோழிக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசினாள். அவளுடைய அம்மாவுக்கு அந்தப் பாட்டு முழுவதும் மனப்பாடமாம்.