எப்படிப் போட்டே கண்ணு?

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் குழந்தை எல்லாப் பள்ளியிலும் உண்டு. மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும், வகுப்புக்கு நாலைந்து பேராவது தேறுவார்கள் என்பார். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 14 என்ற சரியான விடை, கீழே 'கவனம் தேவை' என்று இரண்டு சொல். நோட்டு குழந்தையிடம் திரும்பிப் போய்விடும். அடுத்த வாரம் 63-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் அதே குழந்தை 44 என்று எழுதும்.

கவனம் இல்லாத குழந்தை தடவைக்கு ஒரு தப்புச் செய்யும். இந்தக் குழந்தையோ ஒரே தப்பை ஒழுங்கு மாறாமல் செய்கிறது. அதனிடம் ஒரு விதி இருக்கிறது. 2-இல் 8 போகாது என்பதால் 8-இல் 2-ஐக் கழித்து 6 போடுகிறது. 5-இல் 3 போக 2. விடை 26. இந்த விதியை அது எங்கே பிடித்தது? 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது' என்று ஒன்றாம் வகுப்பில் ஆசிரியர்கள் நாங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியத்திலிருந்துதான். சொன்னதை நம்பி, அதன்படி நடந்த குழந்தைக்குத்தான் நாங்கள் சிவப்பு மை பூசுகிறோம்.

இங்கே ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எப்படிப் போட்டே கண்ணு?" குழந்தை தன் வழியைச் சொல்லும். சொன்ன பிறகு, விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டும், உதிரியாக இரண்டு குச்சியும் அதன் கையில் கொடுத்து, எட்டுக் குச்சி எடுத்துக் கொடு என்று கேட்டால் போதும். உதிரியில் எட்டு இல்லை. ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஆகும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது அப்போதுதான் குழந்தைக்கு விளங்கும்: யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, இருக்கிற கட்டில் ஒன்றைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான்.

ஓர் ஆசிரியர் தொழிலில் வளர்கிறாரா என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இந்தக் கேள்விதான். எத்தனை பட்டம், எத்தனை பயிற்சிச் சான்றிதழ், எத்தனை ஆண்டு சர்வீஸ் என்பதெல்லாம் பிறகு. குழந்தை சொல்வதை உட்கார்ந்து கேட்கிறாரா, கேட்டபின் நாளைய பாடத்தை மாற்றுகிறாரா? அது நடந்தால் அவர் வளர்கிறார்.

இதை எனக்குக் காட்டியவர், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என்னோடு பணிபுரிந்த மூத்த ஆசிரியை. அவர் மேசையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கும். பிள்ளைகள் சொல்லும் தப்பான விடைகளை அதில் எழுதிவைப்பார். எந்தக் கணக்கு, என்ன விடை, ஏன் அப்படி என்று குழந்தை சொன்ன காரணம். "சரியான விடைய எல்லாப் பசங்களும் ஒரே மாதிரித்தான் சொல்லுவாங்க தம்பி, தப்பான விடையிலதான் அவனவன் மனசு தெரியும்" என்பார். பாடம் நடத்தும் முன் அந்த நோட்டைப் புரட்டுவார். போன வருடத்துக் குழந்தைகள் எங்கே தடுக்கினார்கள் என்று பார்த்துத்தான் இந்த வருடத்துப் பாடத்தைத் தொடங்குவார். பாடம் தெரிந்தவர் பலர். அந்தப் பாடம் எந்த இடத்தில் குழந்தைக்குச் சிக்கும் என்று தெரிந்தவர் சிலர். அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன் 1986-இல் இதை ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்று வாதிட்டார். கணித மேதைக்கு அது தேவையில்லை, கணித ஆசிரியருக்கு அதில்லாமல் முடியாது. அவர் பெயரைக் கேள்விப்படாமலே அந்த அம்மா அந்த அறிவைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

கொங்கு மண்ணில் இந்த வழியில் நடந்த முன்னோடி ஒருவர் உண்டு. பெ. தூரன் என்றால் பலருக்கும் கீர்த்தனைகளும் கலைக்களஞ்சியமும் நினைவுக்கு வரும். அவர் ஆசிரியர் என்பது பின்னுக்குப் போய்விட்டது. மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். சென்னையில் கல்லூரியில் கணிதம் படித்தவர். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது மனம் கொதித்துப் பட்டத் தேர்வை எழுதாமல் விட்டார். பிறகு கோபிசெட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளியிலும், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

கணிதம் படித்த இந்த மனிதர் தேடிப் போனது குழந்தையின் மனத்தை. 'குழந்தை உள்ளம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்' என்று உளவியலைத் தமிழில் எளிய நடையில் எழுதினார். தமிழில் அந்தத் துறைக்குச் சொற்களே சரியாகப் பிடிபடாத காலம் அது. பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியரானார். முதல் தொகுதி 1954-இல் வந்தது. பத்துத் தொகுதிகளாக 1968-இல் நிறைவுற்றது. அறிஞர்களுக்கான அந்த மாபெரும் வேலை முடிந்த கையோடு ஓய்வெடுக்கவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு கலைக்களஞ்சியம், அதுவும் பத்துத் தொகுதிகள், 1968 முதல் 1976 வரை வெளிவந்தது. அறுபது வயதைத் தொட்டவர் மறுபடியும் பத்து வயதுப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். இதைத்தான் ஆசிரியரின் வளர்ச்சி என்று நான் புரிந்துகொள்கிறேன். மேலே போகப் போகக் குழந்தையிடமிருந்து விலகிப் போவது பதவி உயர்வு. அவர் கண்டது வேறு உயர்வு.

அந்தக் கலைக்களஞ்சியத்துக்கும் வித்யாலயத்துக்கும் பின்னால் நின்றவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். 1930-இல் கோவையில் சிறிதாகத் தொடங்கிய வித்யாலயத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் 1934-இல் காந்தி அடிக்கல் நாட்டினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம், உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பாடமொழியாக்க முனைந்தார். கைத்தொழிலோடு கல்வி என்ற காந்தியின் ஆதாரக் கல்வி இங்கே வேர்விட்டது. பருத்தி விளையும் பூமியில் நூல் நூற்கும் பிள்ளைக்கு நூலின் நீளத்திலும் எடையிலுமே கணக்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கைக் காட்ட ஆசிரியரும் நூல் நூற்கும் தக்களியைக் கையில் எடுக்க வேண்டும். கற்காத ஆசிரியருக்கு அந்த முறையில் இடமே இல்லை.

இன்றைக்கு நம் பள்ளிகளில் முறைகளுக்குப் பஞ்சமில்லை. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தை முன்மாதிரியாக வைத்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணியும் அட்டைகளும் தரைமட்டக் கரும்பலகையும் வந்தன. கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் நல்லது: குழந்தை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் போக வேண்டும். ஆனால் 'அரும்பு' என்று பதிவேட்டில் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அதுவும் 'கவனம் தேவை' என்ற பழைய சிவப்பு மைதான். அரும்பில் இருக்கிறாள் என்பது அடையாளம். எந்த எழுத்தில் தடுக்குகிறாள், ஏன் தடுக்குகிறாள் என்பதுதான் ஆசிரியருக்கு வேண்டிய செய்தி.

திருப்பூரிலும் கோவையிலும் பின்னலாடை, பவுண்டரி வேலைக்கு வந்த வடமாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'முப்பத்தெட்டு' எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை 83 என்று எழுதுகிறது என்று வையுங்கள். இந்தியில் 38-ஐச் சொல்லும்போது எட்டு முன்னால் வரும், முப்பது பின்னால் வரும். காதில் பழகிய வரிசையில் அது எழுதியிருக்கலாம். இதைக் கேட்டறிந்த ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை 'மக்கு' ஆகாது. இரண்டு மொழியில் எண்ணத் தெரிந்த பிள்ளை ஆகும்.

கேட்பதற்கு நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு, கணக்கெடுப்பு, விலையில்லாப் பொருள் வழங்கல் என்று பாடவேளையைத் தின்னும் வேலைகள் ஏராளம். அதைக் குறைப்பது அரசின் கடமை. ஆனால் கையில் இருக்கும் நேரத்திலும் ஒன்று செய்யலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். காசு வேண்டாம், கருவி வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம். மூன்று நொடி வாய்மூடி நிற்கும் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, சக ஆசிரியரின் கண். நம் பயிற்சிமுறை மாநிலத்தில் தொடங்கி மாவட்டம், வட்டார வள மையம், குறுவள மையம் என்று இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திப்போய், கடைசிப் படியில் சில காணொளிகளும் ஒரு பின்னூட்டப் படிவமும்தான் மிஞ்சுகின்றன. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக வேறொரு வழக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைப் பல வாரம் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் புருவம் சுருக்கியது, யார் நோட்டில் எதை எழுதி அழித்தது என்று குறிப்பார்கள். பிறகு கூடிப் பேசி, பாடத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் நடத்துவார்கள். நடத்தியவரைக் குறை சொல்வதற்கு அங்கே இடமில்லை, ஏனென்றால் பாடம் எல்லோருடையது.

இங்கே இது முடியாதா? நம் ஈராசிரியர் பள்ளிகளில் இது இன்னும் எளிது. வாரத்தில் ஒரு பாடவேளை, இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்து ஒருவர் நடத்தட்டும், மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும். குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பின் தப்பான விடைகளில் ஐந்தைக் கொண்டுவரட்டும். ஏன் இப்படி எழுதினார்கள் என்று பேசுவதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். உடுமலை அருகே திருமூர்த்தி நகரிலும் பெருந்துறையிலும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் தப்பான விடைகளை அவை தொகுத்து வெளியிட்டால், எந்த வெளிநாட்டுப் புத்தகத்தையும்விடப் புது ஆசிரியருக்கு அதுதான் கைகொடுக்கும்.

இதற்கிடையே தேர்வுக் கவலை வேறு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் ஈராண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. தலை நரைத்த ஆசிரியர்கள் பேருந்தில் கையேட்டைப் பிரித்துப் படிப்பதை இப்போது பார்க்கிறேன். 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாட்டுக்கு. குழந்தை உளவியலாளர்கள் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் மனப்பாடம் ஆகிறார்கள். படிக்கட்டும், படிப்பு வீண் போகாது. ஆனால் பியாஜே என்ன செய்தார்? குழந்தைகள் எதிரே உட்கார்ந்து, தப்பான பதில்களுக்குக் காரணம் கேட்டார். அவர் பெயரை எழுதி ஒரு மதிப்பெண் வாங்குவதோடு நின்றால், அவரைப் படித்ததாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "கண்ணை மட்டும் உட்டுப்போட்டுத் தோலை உரிச்சுப்போடுங்க வாத்தியாரே" என்று பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அன்பாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் பயந்த பிள்ளை தன் தப்பை மறைக்கும்; மறைத்த தப்பை எந்த ஆசிரியராலும் திருத்த முடியாது. இனிமேல் பள்ளிக்கு வரும்போது மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "எங்க புள்ள எதுல தடுமாறுதுங்க, ஏன் தடுமாறுதுங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியரே நல்ல ஆசிரியர். சொல்லத் தெரியாவிட்டால், உங்கள் கேள்வியே அவரைத் தேட வைக்கும்.