தீராத வயிற்றுவலியும் கேட்காத கேள்வியும்

தீராத வயிற்றுவலியால் தற்கொலை என்று தமிழ்ப் பத்திரிகைகளில் பல வருஷமாக ஒரு வரி வந்துகொண்டிருக்கிறது. படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. போலீஸ் எழுதும் வாடிக்கையான காரணம், உள்ளே வேறு விஷயம் இருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வயிற்றுவலிக்காரர் அதற்கு முன் எத்தனை முறை டாக்டரிடம் போனார், அங்கே அவரை என்ன கேட்டார்கள்? இதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

திருத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் முருகனைப் பார்க்க 365 படி ஏறும் கூட்டம் ஒரு பக்கம். கீழே ஊருக்குள் டாக்டரைப் பார்க்க நிற்கும் கூட்டம் இன்னொரு பக்கம். சுற்றுப்பட்டு கிராமங்களின் விசைத்தறிக்காரர்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், நகரி பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரர்கள். தமிழில் "உடம்பெல்லாம் வலி", தெலுங்கில் "ஒள்ளு நொப்புலு". மனச்சோர்வு என்ற வார்த்தையை எந்த மொழியிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். இது எல்லா ஊர் ஓ.பி.யிலும் நடப்பதுதான். இரண்டு நிமிஷம், ஒரு வலி மாத்திரை, கூட ஒரு பி காம்ப்ளக்ஸ். அடுத்த ஆள்!

2002-ல் லூமா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள் (பெரும்பாலும் மேலை நாட்டு ஆய்வுகள்). தற்கொலை செய்துகொண்டவர்களில் சராசரியாக 45 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் பொது மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். மனநல மருத்துவரிடம் போனவர்கள் அதில் பாதிகூட இல்லை. அதாவது கடைசி வாய்ப்பு சாதாரண டாக்டரின் மேஜையில்தான் இருந்தது.

சரி, டிப்ரஷனைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் முடிந்ததா? இங்கேதான் படித்தவர்களும் தப்பு பண்ணுகிறார்கள். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் தற்கொலை செய்துகொண்ட 100 பேரைப் பற்றி விசாரித்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. மனநோய் என்று சொல்லத்தக்கது 37 பேருக்குத்தான் இருந்தது. குடிக்கு அடிமையானவர்கள் 16 பேர். தீவிர மனச்சோர்வு வெறும் 2 பேர்! ஆனால் ஓயாத நெருக்கடியும் நாள்பட்ட உடல்வலியும் ஆபத்தைக் கூட்டியிருந்தன. வயிற்றுவலி வரியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைக் கவனிக்கட்டும். (சென்னையில் நடந்த முந்தைய ஆய்வில் பெரும்பாலானோருக்கு மனநோய் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர், அளவுகோலுக்கு அளவுகோல் மாறும்.)

ஆக, மனச்சோர்வைத் தேடினால் மட்டும் போதாது. நேரடியாகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பதாவதாக இருப்பது இதுதான். நேரமில்லை என்று முதல் இரண்டு கேள்வியோடு நிறுத்தும் சுருக்கமும் உண்டு, அதில் இது கிடையாது. என்ன சௌகரியம்!

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும் என்பது வழக்கமான சாக்கு. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்று 2014-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்பது அடுத்த பயம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொன்னது. பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1-உடன் போய்விட்டது.

டாக்டருக்கு நேரமில்லையா? நர்ஸ் கேட்கட்டும். கோவாவில் மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள், 2010-ல் லான்செட்டில் வந்தது. இங்கே 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டு வாசலுக்கே போனார்கள். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசுக் கணக்கு. பிரஷர் பார்க்கும்போதே இந்த ஒரு வரியையும் கேட்டு, ஆமாம் என்பவரைத் தனியாக விடாமல் உட்கார வைத்துப் பேசி, 14416 என்ற இலவச மனநல எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?